பழைய ஸ்போர்ட்ஸ் குட்டிக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதை ஓட்டியவர் யாரென்று பாருங்கள்

இருபது வயதுப் பிள்ளை "முதல் காரே கொஞ்சம் பாயுற மாதிரி இருக்கணும்" என்று சொன்னால் வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு வேண்டவே வேண்டாம். இன்னொரு கட்சி, இந்த வயசில் ஓட்டாமல் எந்த வயசில் ஓட்டுவது என்று கேட்கும். நான் இரண்டாவது கட்சிதான், ஆனால் நிறைய நிபந்தனைகளோடு.

நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் நானும் இப்படி ஒரு வண்டி வாங்கினேன். சைலென்சர் சத்தத்தைக் கேட்டதுமே மனசு போய்விட்டது, அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. நான் போய்ச் சேரும்போதே விற்கிறவர் இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தார், நல்ல மனுஷன், வண்டியைத் தயாராக வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் முதல் தடவை செல்ஃப் அடித்தபோது தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். டைமிங் செயின், அதாவது இன்ஜினுக்குள் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் சங்கிலி. மூன்றாவது மாதம் கிளட்ச் போனது. அதற்கப்புறம் டர்போ, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டும் விசிறி.

சாதாரணக் குடும்பக் காரைப் பழையதாக வாங்கும்போது அதன் வயதையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இந்த ஜாதி வண்டியில் அது போதாது. உங்களுக்கு முன்னால் இதை வாங்கியவரும் உங்களை மாதிரியே வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார். 60,000 கிலோமீட்டரை ஒழுங்காக ஓட்டினாரா, அல்லது ஒவ்வொரு சிக்னலிலும் டயரைக் கதறவிட்டு ஓட்டினாரா என்பதை மீட்டர் சொல்லாது. வண்டியின் உடம்புதான் சொல்லும். அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எவ்வளவு வேகம் போதும்?

1976-ல் முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது அதன் சக்தி வெறும் 110 குதிரைத்திறன். அதை வைத்துத்தான் இந்த வகைக்கே பேர் வந்தது. வண்டி இலேசாக இருந்தால் 110 போதும் என்பதுதான் அன்றைய கணக்கு, இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஆகவே குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள், எடையோடு சேர்த்துப் பாருங்கள். 2017-ல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 லிட்டர் டர்போவில் 140 குதிரைத்திறன்தான் தருகிறது, ஆனால் எடை 1,000 கிலோவுக்கும் கீழே. புதிதாக ஓட்டக் கற்றவருக்கு அது தாராளம். 2013-ல் வந்த ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்டி 182, அதற்கடுத்த தலைமுறை 200. முன்சக்கர இழுவை வண்டியில் 200-ஐத் தொட்டுவிட்டால், ஈரச் சாலையில் இரண்டாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கும். அனுபவசாலிக்கு அது வேடிக்கை, முதல் வருடத்தில் இருப்பவருக்கு அது பள்ளம்.

என் கருத்தைக் கேட்டால், லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு 120 முதல் 140 வரை போதும். அதற்கும் குறைவாக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் ஸ்போர்ட்ஸ் மாடலின் வேஷத்தை மட்டும் போட்டுச் சாதாரண இன்ஜினோடு ஒரு வேரியன்ட் விற்கும். ஃபோர்டில் எஸ்டி லைன், ஃபோக்ஸ்வேகனில் ஆர் லைன் என்று பெயர் இருக்கும். சிலர் இதைக் கேலி செய்வார்கள், செய்யட்டும். பார்க்க அழகு, சஸ்பென்ஷன் பல நேரம் கொஞ்சம் இறுக்கமானது, இன்சூரன்ஸ் பிரீமியம் குறைவு. முக்கியமாக, அதை முன்னால் ஓட்டியவர் பெரும்பாலும் சாதுவான ஆளாக இருப்பார்.

வேகத்துக்குச் சொன்னதைவிடக் கண்டிப்பாக ஒன்று: இஎஸ்பி, அதாவது வண்டி சறுக்கும்போது தானே ஒவ்வொரு சக்கரமாக பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு, இல்லாத வண்டி வேண்டாம். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் வண்டி வளைந்து போகும் படத்தோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி தேடுவதற்கு முன்பே இன்சூரன்ஸ்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். வண்டியைப் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, அப்புறம் பிரீமியத்தைக் கேட்டுவிட்டு மயங்குவார்கள். இளம் ஓட்டுநர் ப்ளஸ் டர்போ என்றால் சில இடங்களில் ஒரு வருட பிரீமியம் வண்டி விலையில் கணிசமான பங்கைத் தொட்டுவிடும். மனசில் இருக்கும் மூன்று நான்கு மாடல்களை எழுதிக்கொண்டு, ஓட்டப்போகிறவரின் உண்மையான வயது, லைசென்ஸ் தேதி சொல்லி, ஒவ்வொன்றுக்கும் விலை வாங்குங்கள். பட்டியலில் பாதி அங்கேயே தானாக அடிபட்டுவிடும்.

பிரீமியத்தைக் குறைக்க அப்பாவையோ அம்மாவையோ முக்கிய ஓட்டுநர் என்று போட்டுவிட்டு நிஜத்தில் பிள்ளை ஓட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். விபத்து நடக்கிற அன்றைக்குத்தான் கம்பெனி இதைத் தோண்டும், பணம் தரவும் மறுக்கலாம். வண்டியில் ஏற்கெனவே செய்த மாற்றங்கள், அது வெறும் அலாய் வீல் ஆனாலும் சரி, சொல்லாமல் விட்டால் அதே கதிதான்.

எந்த வண்டியில் எது போகும்

எல்லா மாடலையும் இங்கே அலச முடியாது. அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சொல்கிறேன்.

மினி கூப்பர் எஸ்: 2007-ஐ ஒட்டி வந்த தலைமுறையின் ஆரம்ப டர்போ இன்ஜினுக்கு என்14 என்று பெயர். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உயர் அழுத்த ஃப்யூயல் பம்ப், வால்வில் படியும் கரி, மூன்றுக்கும் இது பேர்போனது. பின்னால் வந்த என்18 எவ்வளவோ தேவலை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், அதனால் வருடத்தையும் இன்ஜின் கோடையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

போலோ ஜிடிஐ: 180 குதிரைத்திறன் தந்த 1.4 லிட்டர் மாடலில் சூப்பர்சார்ஜரும் (இன்ஜினே நேராகச் சுழற்றிக் காற்றைத் திணிக்கும் பாகம்) டர்போவும் சேர்ந்தே இருக்கும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் ஆயில் குடிக்கிற பழக்கம் அதற்கு உண்டு, கூடவே வரும் 7 கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும்) பெட்டியும் செலவு வைக்கக்கூடியது. பிற்பாடு வந்த 1.8 லிட்டர் மேனுவல் எனக்குப் பிடித்த தேர்வு.

ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுக்கும் ஃப்யூயல் பம்புக்கும் நடுவே கேம் ஃபாலோயர் என்று ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கிறது. தேய்ந்து ஓட்டை விழுந்தால் கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பாகம் மலிவு, மாற்றுவதும் சுலபம். விற்கிறவரிடம் "கேம் ஃபாலோயர் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே வண்டியைப் பராமரித்தவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஃபியஸ்டாவில் ஆரம்ப வருட 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் வாங்கினால் அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. தப்பான ஆயில் ஊற்றினால் பெல்ட் கரைந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் வழியை அடைத்துவிடும். ஆகவே சர்வீஸ் பில்லில் ஆயிலின் கிரேடு எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதாத பில்லை நான் பில்லாகவே எடுத்துக்கொள்வதில்லை.

டர்போவே இல்லாத பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், முதலில் 125 பிறகு 136 குதிரைத்திறன். புதியவருக்கு என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். கெட்டுப்போகப் பாகங்கள் குறைவு, சக்தி மெல்ல மெல்ல ஏறும், திடீரென்று முதுகில் உதைக்காது.

நேரில் பார்க்கும் நாள்

போனிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "நான் வருகிற வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் மற்ற எதற்கும் முன்னால் பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். வேண்டுமென்றே செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, நமக்குத் தேவையான முதல் ஐந்து விநாடி போய்விட்டது. குளிர்ந்த இன்ஜின் எழும்பும் அந்த ஐந்து விநாடியில்தான் செயின் சத்தம் வரும், நீலப் புகை வரும். பின்னால் ஒருவர் நின்று சைலென்சர் வாயைப் பார்க்கட்டும், நீங்கள் இன்ஜின் பக்கம் காதை வைத்துக்கொள்ளுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் டயர். நான்கு டயரிலும் குனிந்து பெயரைப் படியுங்கள். இந்த மாதிரி வண்டியில் நான்கும் நான்கு கம்பெனி, அதுவும் மலிவான கம்பெனி என்றால், டயரில் மிச்சம் பிடித்தவர் ஆயிலில் மட்டும் தாராளமாக இருந்திருப்பாரா? பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் கோடின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. முன்டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகியிருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது வண்டியைத் தாழ்த்தி ஓட்டியிருக்கிறார்கள். விரலை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும்.

டிங்கரிங் வேலையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள், பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் அச்சடித்த குறிகளில் ஒன்று மட்டும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் தகடு சுருங்கியிருக்கிறதா, தண்ணீர் தேங்கிய துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள்.

சீட் பெல்ட்டையும் விடாதீர்கள். போன வருடம் அக்கா மகளுக்கு வண்டி பார்க்கப் போனபோது இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவள்தான். வெள்ளை நிறம், ஒரே ஓனர், பளபளவென்று இருந்தது, நான் கிட்டத்தட்ட விலை பேசவே ஆரம்பித்துவிட்டேன். அவள் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்து, அடியில் தைத்திருக்கும் சின்ன லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, டிரைவர் பக்கம் மட்டும் ஏன் நாலு வருஷம் கழிச்சுப் போட்ட தேதி இருக்கு?" விற்கிறவர் அதற்கு முன்பு வரை "ஒரு கீறல்கூடப் பட்டதில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மோதலில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடி ஒருமுறை வேலை செய்தால் அந்தப் பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அதோடு ஏர்பேக்கும் வெடித்திருக்கலாம். டேஷ்போர்டை உற்றுப் பார்த்தால் ஏர்பேக் மூடியின் கோடு மற்ற இடத்தைவிட ஒரு நூல் அகலமாக இருந்தது. இரண்டு பேரும் பேசாமல் வெளியே வந்துவிட்டோம்.

வேஷம் கலைத்த வண்டிகள்

விற்கும்போது பாதிப் பேர் "எதுவும் மாற்றவில்லை, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது" என்பார்கள். மாற்றியதையெல்லாம் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, பழையதை மாட்டியிருப்பார்கள். இன்ஜின் பட்ட அடி அப்படியே இருக்கும். இன்ஜினை ரீமேப் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, கூடுதல் சக்தி எடுத்திருந்தால் கிளட்ச், டர்போ, கியர்பாக்ஸ் மூன்றும் அதற்கான கூலியைக் கொடுத்திருக்கும்.

தடயம் சின்னச் சின்ன இடத்தில் இருக்கும். பழைய சைலென்சரில் போல்ட் மட்டும் புத்தம் புதுசு. காற்று உள்ளே போகும் குழாயின் கிளாம்பில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல். கண்ணாடியோரத் தூணில் டர்போ அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒட்டியிருந்த பசையின் தடம், அல்லது அடைத்து வைத்த ஓட்டை. வாக்யூம் குழாய் ஒன்றின் வாயில் திருகாணி செருகியிருப்பது. வீல் ஆர்ச்சின் உள்பக்கம் டயர் உரசிப் பளபளத்த கோடு, அதாவது ஒரு காலத்தில் தாழ்த்தியிருந்தது. அதே இடத்தில் உருகி ஒட்டிய ரப்பர்த் துகள்கள் இருந்து, பிரேக் டிஸ்க்கும் நீலம் பாய்ந்திருந்தால் ரேஸ் டிராக்கில் ஓடிய வண்டி என்று சந்தேகப்படலாம். டிராக்கில் ஓடியதே குற்றமில்லை, ஒவ்வொரு தடவையும் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய பில்லைக் காட்டுகிறவரின் வண்டியை நான் தைரியமாக வாங்குவேன். மறைத்தால்தான் சந்தேகம்.

மாற்றம் செய்த வண்டியை மாற்றத்தோடேயே விற்கிறார் என்றால், முதல் கார் வாங்குகிறவருக்கு என் பதில் ஒரே சொல். வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது வேண்டும், தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதெல்லாம் கணக்கில் வராது. ரேடியோவை அணைத்துவிடுங்கள். (சத்தமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் எதையோ மறைக்கத்தான் என்று நான் எப்போதுமே நினைப்பேன், பழக்கதோஷம்.) முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், டர்போ வண்டியைச் சூடாகும் முன் விரட்டுவது பாவம். மேடு பள்ளத்தில் மெல்ல ஏற்றி இறக்கி, டக் டக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

சூடான பிறகு நேரான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். முள் சட்டென்று மேலே தாவி, வேகம் மட்டும் அதே கதியில் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக மாற்றும்போது கரகரவென்றால் கியர்களை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது, முரட்டுக் கையில் இருந்த வண்டி. நீளமான இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்ததும் மிதித்தபடி கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலமாக ஒரு குப் என்று புகை வந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். டர்போ லேசாக விசிலடிப்பது இயல்பு. ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டால் பேரிங் முடிந்துவிட்டது.

இன்னொன்று, ஓட்டப்போகிற பிள்ளையும் ஓட்டிப் பார்க்கட்டும். சீட் உயரம், பின்கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது, கிளட்ச் எவ்வளவு கனம், எல்லாம் அவர்களுக்குப் பொருந்த வேண்டும்.

ஸ்கேனரும் பேப்பரும்

போனோடு சேரும் ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், செலவு பெரிதில்லை. கோளாறுக் குறி எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பக்கத்தையும் திறந்து பாருங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அல்லது அண்மையில் யாரோ குறிகளை அழித்திருக்கலாம். அழிப்பதற்கு ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பேப்பரில் சேசிஸ் நம்பரின் 17 எழுத்தும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். மீட்டர் குறைவாகக் காட்டி, ஸ்டியரிங்கின் தோலும் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடும் நைந்து போயிருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கடைசியாக, அந்த மாடல் தெரிந்த மெக்கானிக்கிடம் ஜாக்கில் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் பணம். விற்கிறவர் சம்மதிக்கவில்லையா, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கின முதல் வாரம்

பட்ஜெட் முழுவதையும் வண்டி விலைக்கே கொட்டிவிடாமல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருங்கள் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாவிட்டால் அதுவும். டயர் சந்தேகமாக இருந்தால் நான்கும் ஒரே கம்பெனி, நல்ல கம்பெனி. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன் என்று போட்டிருக்கும், அதற்குக் குறைந்ததை ஊற்றாதீர்கள்.

முதல் ஒரு மாதம் நண்பர்கள் கூட்டத்தை ஏற்றாமல் ஓட்டச் சொல்லுங்கள். இதற்கு வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை. அப்புறம் டிப்ஸ்டிக்கை எப்படிப் பார்ப்பது என்று வண்டி ஓட்டப்போகிறவருக்கே சொல்லிக்கொடுங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி முழுசாக விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அக்கா மகள் கடைசியில் டர்போ இல்லாத ஒன்றைத்தான் எடுத்தாள். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் அளவைத் தேதியோடு எழுதிவைக்கிறாள். அவள் விற்கும்போது அந்த நோட்டுக்கே தனி விலை கேட்கலாம்.